இரவல் நாயைப் பிடித்து ஓடினால் கோப்பையா?

ரிங்_அப்பா:
வேறொரு இழையில் ராஜபாளையத்தான் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. "நாய் கண்காட்சியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜூனியர் ஹேண்ட்லிங் என்று ஒரு போட்டி. இரவல் நாயைப் பிடித்து இரண்டு சுற்று ஓடினால் கோப்பை" என்று போகிறபோக்கில் எழுதிவைத்திருக்கிறார். என் மகள் மூன்று வருடமாக இறங்குகிற ரிங், அதாவது போட்டிக் களம், அது. அந்தப் போட்டியில் நாயின் அழகுக்கு மார்க்கே கிடையாது ஐயா. பிள்ளை நாயை எப்படிக் காட்டுகிறது என்பதற்குத்தான் மார்க். ஒருமுறை வந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

ராஜபாளையத்தான்:
பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். கோட்டும் டையுமாக ஒரு பையன் டாபர்மேனோடு வந்தான், ஓடினான், கோப்பை வாங்கினான். வெளியே வந்ததும் கயிற்றை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டான். நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாய் யாருடையது? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

ரிங்_அப்பா:
கேள்வியே தப்பு. எங்கள் முதல் போட்டியைச் சொல்கிறேன். நடுவர் "முக்கோணம்" என்றார். நேரே போய், குறுக்கே திரும்பி, மூலையிலிருந்து நடுவரை நோக்கி வர வேண்டும். பாப்பாவின் பையில் வேகவைத்த கோழி ஈரல். எங்கள் லாப்ரடார் இரண்டாவது திருப்பத்தில் புல்லை முகர ஆரம்பித்தது. இழுத்தால் போச்சு. அவள் கயிற்றைத் தளர்த்தி, ஈரல் வாசம் ஒட்டிய இரண்டு விரலை அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோனாள். ஒரு சத்தமில்லை. தலை தூக்கியது, நடந்தது. நடுவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நாயை நடுவரின் கண்ணிலிருந்து மறைக்கக் கூடாது, அது பாலபாடம். பதினோரு வயதில் செய்தாள். உங்கள் வீட்டு நாய் கூப்பிட்டால் வருமா?

ராஜபாளையத்தான்:
லாப்ரடார் உங்களுடையது. சந்தோஷம். டாபர்மேன் யாருடையது?

நியூஜெர்சி_நாட்டாமை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அமெரிக்காவில் இதற்குப் பெயர் ஜூனியர் ஷோமேன்ஷிப். ஒன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், பதினெட்டு நிரம்பியிருக்கக் கூடாது. 1932இல் லாங் ஐலண்டில் தொடங்கியபோது சில்ட்ரன்ஸ் ஹேண்ட்லிங் என்றார்கள். பெயர் மாறியது 1951இல், நாய் இனங்களைப் பதிவு செய்கிற அமெரிக்கன் கெனல் கிளப் முறையாகச் சேர்த்துக்கொண்டது 1971இல். அங்கே நாய் அந்தப் பிள்ளைக்கோ அதன் வீட்டாருக்கோ நெருங்கிய உறவினருக்கோ சொந்தமாக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு.

ராஜபாளையத்தான்:
ஆஹா! அமெரிக்காக்காரனே சொல்லிவிட்டான். இரவல் நாய் செல்லாது. இழையை மூடலாம்.

ரிங்_அப்பா:
அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தில் பர்மிங்காமில் மார்ச் மாதம் நடக்கிற கிரஃப்ட்ஸ் நாய் கண்காட்சி தெரியுமா? அதில் சர்வதேச ஜூனியர் ஹேண்ட்லிங் இறுதிச் சுற்று உண்டு. நாட்டுக்கு ஒரு பிள்ளை. கண்டம் விட்டுக் கண்டம் போகிற பிள்ளை நாயைப் பெட்டியில் போட்டா தூக்கிக்கொண்டு போகும்? பல பிள்ளைகள் அங்குள்ளவர்களின் நாயை வாங்கித்தான் ரிங்கில் இறங்குகிறார்கள். முன்பின் தெரியாத நாய், கொஞ்ச நேரப் பழக்கம், அதற்குள் அதன் நடை எந்த வேகத்தில் சீராக வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் சில இடங்களில் நடுவரே பிள்ளைகளின் நாய்களை மாற்றிக் கொடுத்து ஓடச் சொல்வார். இரவல்தான் சார் உண்மையான பரீட்சை!

ராஜபாளையத்தான்:
ஆக, இரவல்தான் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி.

கலா_கால்நடை:
இரண்டு பேரும் இரண்டு விஷயம் பேசுகிறீர்கள். நாய்க்கான போட்டி வேறு, நாயைக் காட்டுகிறவருக்கான போட்டி வேறு. முதலில் எதைப் பற்றிச் சண்டை என்று முடிவு பண்ணிக்கொண்டால்...

ரிங்_அப்பா:
இரும்மா, நான் முடித்துக்கொள்கிறேன். குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி என்ன குதிரைக்குச் சொந்தக்காரனா? ஜல்லிக்கட்டில் மாடு பிடிப்பவன் அந்த மாட்டை வளர்த்தானா? அங்கே கேட்கத் தோன்றாத கேள்வி ஒரு சின்னப் பிள்ளை ஜெயிக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

ராஜபாளையத்தான்:
ஜல்லிக்கட்டை இதில் இழுக்காதீர்கள். கோழி ஈரலைக் காட்டி யாரும் காளையை அடக்குவதில்லை. "இரவல் புடவையில் இது நல்ல கொய்சகம்" என்று என் பாட்டி சொல்வாள். கொய்சகம் என்றால் கொசுவம். அவ்வளவுதான்.

சும்மா_படிப்பவன்:
ஈரல் வேகவைக்கும்போது உப்புப் போடலாமா? என் பீகிள் வேறு எதற்கும் மசிய மாட்டேன் என்கிறது.

கலா_கால்நடை:
போடாதீர்கள். வெங்காயம், பூண்டும் கூடாது.

ராஜபாளையத்தான்:
டாபர்மேன், பீகிள், லாப்ரடார். இந்த ரிங்கில் நம் ஊர் நாய் எத்தனை? 2005இல் தபால்தலை வந்த நாய் எங்கள் ராஜபாளையம். அதைப் பிடித்துக்கொண்டு ஓட ஒரு கோட்டுப் பையனும் இல்லை.

வெள்ளைவால்:
தபால்தலை வந்தது நாலு நாய்க்கு. முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய் எல்லாவற்றுக்கும் வந்தது. என்னமோ உங்கள் தெருவுக்கு மட்டும் வந்த மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் கன்னி நாய்க்கு வரவில்லை, நாங்கள் என்ன அழுதோமா?

ராஜபாளையத்தான்:
கன்னி தனி இனமே இல்லை, நிறம் மாறிய சிப்பிப்பாறை நாய்தான் என்று ஊரே சொல்கிறது.

வெள்ளைவால்:
எந்த ஊர்? நேரில் வாருங்கள் பேசலாம்.

ரிங்_அப்பா:
விஷயத்துக்கு வாருங்கள். நாட்டு நாயைக் கொண்டுவர வேண்டாம் என்று யார் தடுத்தது? ராஜபாளையத்துக்குக் கேசிஐ பேப்பர், அதாவது இந்தியக் கெனல் கிளப்பின் பதிவுச் சான்றிதழ், கிடைக்கும், அந்தக் கெனல் கிளப்பின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. கொண்டுவாருங்கள். ஆனால் அந்நியன் தொட்டால் உறுமுகிற நாயை ரிங்கில் நிறுத்தி, நடுவர் பல்லைப் பார்க்கும் வரை அசையாமல் வைத்திருக்க மாதக்கணக்கில் பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் பிள்ளைகளைக் குறை சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

ராஜபாளையத்தான்:
என் நாய் அசையாமல் நிற்கும். அது என் நாய். சொந்த நாய்.

ரிங்_அப்பா:
நிற்கும், நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் என் மைத்துனருக்கு நீங்கள் கொடுத்த வெள்ளைக் குட்டியும் அசையாமல்தான் நின்றது. கூப்பிட்டாலும் அசையவில்லை. டாக்டரிடம் போனால் இரண்டு காதும் கேட்காது என்றார். வாங்கிய பணத்தில் பாதியாவது திருப்பித் தந்தீர்களா?

ராஜபாளையத்தான்:
ஓஹோ, இதுதானா விஷயம்! இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தீர்களா? வெள்ளை நாய்களில் அப்படி வரும் என்று கையில் கொடுக்கும்போதே சொன்னேன். உங்கள் மைத்துனர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கலா_கால்நடை:
வெள்ளை நாய்களில் காது கேளாமை வருவது உண்மைதான். ஆனால் அதை விற்பதற்கு முன்பே பரிசோதித்து...

ராஜபாளையத்தான்:
மேடம், இவர் பேச்சை மாற்றுகிறார், நீங்களும் கூடவே போகாதீர்கள். டாபர்மேன்.

ரிங்_அப்பா:
சரி, கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பையனை எனக்குத் தெரியும். நாய் அவன் சித்தப்பாவுடையது. காலை ஐந்து மணிக்கு எழுந்து அதை நடத்திக்கொண்டு போவது அந்தப் பையன்தான். போதுமா?

ராஜபாளையத்தான்:
சித்தப்பா தனிக்குடித்தனமா, ஒரே வீடா?

நியூஜெர்சி_நாட்டாமை:
எங்கள் விதிப்படி சித்தப்பா நாய் என்றால் எந்த வீடானாலும் செல்லும்.

ரிங்_அப்பா:
உங்கள் விதி இங்கே எதற்குச் சார்?

வெள்ளைவால்:
கன்னி தனி இனம். யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ராஜபாளையத்தான்:
ஒரே வீடா, இல்லையா?