சிவப்பு விதை: சாகாவா, குன்றிமணியா?

ஜெலுத்தோங் மருமகள்: மாமியார் பல்லாங்குழி ஆட பழைய பிஸ்கட் டின்னில் சிவப்பு விதைகள் வைத்திருக்கிறார். சிலவற்றில் கறுப்புப் புள்ளி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மகளுக்கு 4 வயது, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். "நாங்கள் இதை வைத்துத்தானே வளர்ந்தோம்" என்கிறார் அத்தை. இரண்டும் ஒன்றா?

ஆயர் ஈத்தாம் ராஜா: எல்லாம் சாகா மர விதைதான். பள்ளிக்கூட மரத்தடியில் பாக்கெட் நிறையப் பொறுக்குவோம். ஒன்றும் ஆகாது லா.

செந்தூல் தாத்தா: ராஜா தம்பி, கொஞ்சம் பொறு. மருத்துவமனை மருந்தகத்தில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். மரத்திலிருந்து விழும், முழுச் சிவப்பான தட்டை விதை சாகா. அதில் பெரிய பயம் தொண்டையில் சிக்குவதுதான். கறுப்புக் கண் வைத்த சின்ன விதை கொடியில் காய்க்கும் குன்றிமணி, களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே அது. அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றிவிடும், பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ ஓட்டை போட்டிருந்தாலோதான் வினை. அதனால் உதிரி விதையைவிட மணியாகக் கோத்த வளையலுக்கே நான் அதிகம் பயப்படுவேன். 2011இல் இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் என்ற தாவரப் பூங்கா தான் விற்ற குன்றிமணி வளையல்களைத் திரும்பப் பெற்றது. கடையில் விற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

குழந்தை மென்றுவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். நன்றாக விளையாடுகிறாளே என்று காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மிச்ச விதையோடு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேசிய நச்சு மையம் உங்கள் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது, போன் போட்டுக் கேட்கலாம்.

ஆயர் ஈத்தாம் ராஜா: சரி தாத்தா, அப்போ வாசலில் இருக்கும் அரளியையும் வெட்டணுமா?

செந்தூல் தாத்தா: வேண்டாமப்பா, என் வீட்டிலும் இருக்கிறது. பூஜைக்குப் பறித்தால் கையைக் கழுவு. கழித்த கிளையை மட்டும் குப்பையோடு கொளுத்தாதே, புகையும் ஆகாது. காய்ந்த இலையிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு அப்படியே இருக்கும்.

ஜெலுத்தோங் மருமகள்: நன்றி ஐயா. புள்ளி வைத்ததை அத்தையே பொறுக்கி எடுத்துவிட்டார். தோட்டத்தில் வீசிவிடலாமா?

செந்தூல் தாத்தா: ஐயையோ, முளைத்துவிடும் அம்மா. உறையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.