புதுப்பிப்பு: மலைப்பூண்டு இணையக் கடையை மூடவில்லை

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு விற்கும் என் இணையக் கடையில் ஆர்டர்கள் பெருகியும் கையில் காசு தங்கவில்லை, செல்பேசி ஒலித்தாலே எரிச்சல் வருகிறது, மூடிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மூடவில்லை, இப்போது லாபம் தெரியத் தொடங்கியிருக்கிறது.

கணக்கைப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பணம் அதிகம் கசிந்த இடம் கூரியர் கட்டணம். பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எடை, தராசு எடையைவிடக் கூடினால் அதற்கே கட்டணம் என்பதால், 30க்கு 25க்கு 20 அளவுப் பெட்டியில் போன ஒரு கிலோ பூண்டுக்கு மூன்று கிலோவின் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. 20க்கு 20க்கு 12 அளவுக்கு மாறியதும் பெட்டி அளவை வைத்து வரும் எடை ஒரு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. வாங்க மறுத்துத் திரும்பும் பொட்டலங்களின் செலவு நம் தலையில் விழுவதால், முன்கூட்டியே பணம் செலுத்துவோருக்கு மட்டும் அனுப்புகிறேன். தள்ளுபடியும் இல்லை, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டைச் சமவெளிப் பூண்டின் விலைக்கு இறக்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆர்டர் குறைந்தது, மிச்சம் கூடியது.

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் நோயாக அல்லாமல், சமாளிக்கப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்தியிருக்கிறது என்று ஒருவர் சுட்டியிருந்தார். எனக்கும் விடுமுறையைவிட வேலையைப் பிரித்துக்கொடுத்ததே உதவியது. வாடிக்கையாளர் அழைப்புகளை இப்போது மதினி கவனிக்கிறார், என்னைவிடப் பொறுமையாகவே. தூக்கம் திரும்பிவிட்டது.

மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் பூண்டை அனுப்பும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.