கயிறு அவிழ்த்தவன் இனி எதை வேண்டுவது?

காவேரிப்பட்டணத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, மாங்கூழ் ஆலையில் வேலை. குடிநோய்க்கு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியே வந்து 4 மாதங்கள் ஆகின்றன; இதுவரை தொடவில்லை. குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரம் ஒரு முறை போகிறேன். அங்கே எனக்கு வழிகாட்டும் மூத்தவர், தினமும் காலையில் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறார். அங்கேதான் எனக்கு இடறுகிறது. இதற்கு முன் 3 முறை ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் நின்றிருக்கிறேன். பிறகு ஒரு முறை, ஓராண்டுக்குக் குடிப்பதில்லை என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டேன். கெடு முடிய 19 நாள் இருக்கும்போது பூசாரியிடம் தண்டம் கட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். சாமியை இத்தனை முறை ஏமாற்றியவன் எந்த முகத்தோடு கைகூப்புவது? கூப்பினால்தான் எதைக் கேட்பது?

அரூர் பெரியவர்:

தம்பி, குடியை விட்டு எனக்கு இது 11-ஆவது ஆண்டு. மாலையையும் கயிற்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். 48 நாள் இருக்க முடியும் என்பதை உங்களுக்குக் காட்டியது அவைதான். ஆனால் அந்த வேண்டுதலுக்கு ஒரு தேதி இருந்தது, குடியும் அந்தத் தேதி வரை திண்ணையில் காத்திருந்தது. நான் மாலை போட்ட ஆண்டு, நாள்காட்டியில் 48-ஆவது நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தேன். விரத நிறைவுக்காக என்று என் மனைவி நினைத்துக்கொண்டார். எனக்கல்லவா தெரியும், அது எதற்கான வட்டம் என்று.

குடியிலிருந்து மீள நம் கூட்டத்தில் பின்பற்றும் 12 படிகளில் 11-ஆம் படியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாம் புரிந்துகொண்ட வண்ணமான கடவுளோடு உள்ள தொடர்பைப் பிரார்த்தனையாலும் தியானத்தாலும் வளர்த்துக்கொண்டு, அவருடைய சித்தம் என்ன என்பதை அறியவும் அதை நிறைவேற்றும் பலத்தைப் பெறவும் மட்டுமே வேண்டுவது என்றுதான் அது சொல்கிறது. கடன் தீர வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. பதிலுக்கு மொட்டை போடுகிறேன் என்ற பேரமும் இல்லை. முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 4-ஆம் படியில் என் குற்றங்களை நோட்டில் எழுதியபோது மீறிய சத்தியங்களையும் சேர்த்து எழுதினேன், 5-ஆம் படியில் அவற்றை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதன்பின் சாமி முன்னால் நிற்பதற்குக் கூச்சம் குறைந்தது.

விடிகாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கட்டுத்தறி ஓரமாகவே நின்று, "இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருக்கப் பலம் கொடு, இன்று நான் செய்ய வேண்டியதைக் காட்டு" என்று கேட்பேன். இரவில் ஒரு நன்றி. முதல் ஆறு மாதம் சுவரோடு பேசுவது போலத்தான் இருந்தது, இருந்தாலும் விடவில்லை.

தருமபுரி செவிலியர்:

பெரியவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிரார்த்தனையில் மனம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை எடுப்பவர் அதை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை மதுவோடு அது வினை புரியக்கூடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தினமும் மிகுதியாகக் குடிப்பவர் மாலை போடுவதற்காக ஒரே நாளில் நிறுத்தினால், அடுத்த 2, 3 நாள்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள், மாலை பிறகு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்புக்கான அரசு உதவி எண் 14446-இல் இலவசமாகக் கேட்கலாம்.

ஓசூர் நாத்திகன்:

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. குடியை விட்டு 6 ஆண்டுகள் ஆகின்றன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1939-இல் அவர்கள் வெளியிட்ட நூலில் "நாம் புரிந்துகொண்ட வண்ணம்" என்ற சொற்கள் இடம்பெற்றதற்கு, அன்றைய உறுப்பினர்களிடையே என்னைப் போன்றவர்கள் இருந்ததும் ஒரு காரணம். என்னைவிடப் பெரிய சக்தி என்று நான் கொண்டது அந்தக் கூட்டத்தைத்தான். காலையில் சந்திரசூடேஸ்வரர் மலைப்படியில் பாதி ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன். (கோயிலுக்குள் போவதில்லை, பூக்கடை அம்மாவுக்கு இன்னும் இது புரியவில்லை.) பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937-இல் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார், நம் பகுதி அப்போது அதற்குள் இருந்தது. சட்டமும் கயிறும் வெளியிலிருந்து போடும் காவல். காவலை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன என்பதைத்தான் நான் அந்தப் படியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பாலக்கோடு இல்லத்தரசி:

என் கணவர் குடியை விட்டதும் பூசையறையில் இரண்டு மணி நேரம் உட்காரத் தொடங்கினார். குடித்த காலத்திலும் அவர் எங்களோடு இல்லை, பூசையிலும் இல்லை. ஒரு நாள் இளையவன், "அப்பா எப்போது வெளியே வருவார்?" என்று கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. இப்போது கால் மணி நேரத்தில் எழுந்து வந்து அவனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். அந்தக் கணக்கும் பிரார்த்தனைதான் என்று எனக்குப் படுகிறது.

காவேரிப்பட்டணத்தான்:

நன்றி. இன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன், பெரியவர் சொன்ன இரண்டு வரியைக் குழாயடியில் நின்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது அந்தப் பூசாரியின் முகம்தான் வந்தது. அன்று தண்டப் பணத்தை எண்ணக்கூட இல்லை, அப்படியே தட்டில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் போய்ப் பார்க்கட்டுமா என்று என் வழிகாட்டியிடம் கேட்டேன். "போய் வாருங்கள், கயிறு மட்டும் கேட்காதீர்கள்" என்றார்.