மிஸிமாரை (தாதியரை) வைத்து வரும் பகிடி வீடியோக்கள்: தங்கச்சிக்கு என்ன சொல்ல?

வாவிக்கரை:
என் தங்கச்சி தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கிறாள், மூன்று வருடம். வீட்டில் எல்லாருக்கும் பெரிய சந்தோசம். அன்றிரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமியின் மகன் ஒரு வீடியோ போட்டான். குட்டைப் பாவாடையோடு ஒரு மிஸி, கையில் முழ நீள ஊசி, கட்டிலில் கிடக்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள், அதில் இரண்டு எங்கள் சித்தப்பாமார் போட்டது. தங்கச்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். பகிடிதானே, விடு என்கிறார்கள். எனக்கு விட மனமில்லை. குழுவில் எழுதவா?

வெள்ளைச்சீருடை:
எழுதுங்கள் தம்பி. நான் மட்டக்களப்பில் பதினொரு வருடமாக வாட்டில் நிற்கிறேன். அந்தக் குட்டைப் பாவாடை வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பிறஷர் பார்க்கக் கையைப் பிடித்தாலே ஒரு மாதிரிச் சிரிப்பார்கள், புதிதாக வந்த பிள்ளைகள் அதற்குப் பயந்தே சில கட்டில்களுக்குத் தனியாகப் போக மாட்டார்கள்.

இன்னொரு பகிடி, நித்திரை கொள்ளும் நோயாளியை இரவு இரண்டு மணிக்கு எழுப்பி "சலம் (சிறுநீர்) போனதா" என்று கேட்கும் சிடுமூஞ்சி மிஸி. அது நான்தான். டெங்குவில் காய்ச்சல் விட்டதும் சுகம் என்று சனம் நினைக்கும், ஆனால் ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும், சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். அந்த நேரம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும், அது முடியும்வரை ஒவ்வொரு மணிக்கும் சலத்தை அளந்து எழுத வேண்டும். 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லிலீற்றராவது போக வேண்டும், குறைந்தால் உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும். நித்திரை குழம்புகிறதே என்று விட்டால் விடியும்போது ஆள் இல்லாமலும் போகலாம்.

கடலோரம்:
அதெல்லாம் சரி அக்கா, ஆனால் எங்கள் உம்மாவை ஒரு இடத்தில் மிஸி எல்லார் முன்னாலும் ஏசினார். உம்மா அழுதுவிட்டார். சனம் அந்தக் கோபத்தில்தானே மீம் போடுகிறது? அதையும் பேச வேண்டும்.

வெள்ளைச்சீருடை:
ஓம், பேச வேண்டும், உங்கள் உம்மாவுக்கு நடந்தது பிழை. ஏசினவரைப் பற்றி முறைப்பாடு எழுதுங்கள், நானே எழுத உதவுகிறேன். ஆனால் குட்டைப் பாவாடை வீடியோவில் அந்தக் கோபம் எங்கே இருக்கிறது?

அக்கரைப்பற்றான்:
நான் ஆண் தாதி. எங்களை வைத்து மீமே இல்லை, ஏனென்றால் தாதி என்றால் பெண் என்றே சனத்தின் மனதில் பதிந்துவிட்டது. நோயாளிகள் என்னை டொக்டர் என்பார்கள், பக்கத்தில் சேலைன் ஏற்றுகிற தாதி ராத்தா (அக்கா) என்னைவிட எட்டு வருடம் மூத்தவர், அவரை "பிள்ள, இஞ்ச வா" என்பார்கள். வாட்டுக்குள் நாங்களும் பகிடி விடுவோம், நைட் டியூட்டியில் ஆறிப்போன தேத்தண்ணியை மூன்றாம் தரம் சூடாக்குவதைப் பற்றி. அதில் யாருடைய உடம்பும் இல்லை.

வாவிக்கரை:
அக்கா சொன்ன 25 மில்லிலீற்றர் கணக்கை அப்படியே குழுவில் போட்டேன். சிரிப்புப் பொம்மை போட்ட சித்தப்பா ஒருவர், போன மாரியில் சித்திக்கு டெங்கு வந்தபோது இரவிரவாக எழுப்பினது இதற்குத்தானா என்று கேட்டிருக்கிறார். மாமியின் மகன் பார்த்துவிட்டான், பதில் இல்லை. தங்கச்சி அக்காவோடு பேச வேண்டுமாம், உங்களுக்கு எப்போது ஓய்வு நாள்?