கையெழுத்துப் போடும் முன் நேரில் போய்ப் பார்த்தீர்களா? சீஃப் ஆபீசர் வேலையில் கண்டதும் பட்டதும்

பல்க் கேரியர் மேட்

சீஃப் ஆபீசராக (மேட் என்றும் சொல்வோம்; கேப்டனுக்கு அடுத்தவர், சரக்குக்குப் பொறுப்பு) நான் ஏறிய முதல் கப்பலில் நடந்தது இது. இதைப் படித்துவிட்டு நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதினால், புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

நிலக்கரிச் சரக்கு. மூன்றாம் ஹோல்டில் (சரக்கறையில்) பாதிக்கு மேல் இறக்கியாகிவிட்டது. அதன் மேல்மூடியான ஹேட்ச் கவர் இரண்டு நாளாகத் திறந்தே கிடந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் கரிக்குவியல் மேல் வெயில் விழுவது தெரிந்தது. கிரேனின் கிராப் (கரியை அள்ளும் வாளி) இடித்துப் பின்பக்க ஏணி வளைந்திருக்கலாம் என்று ஒரு ஏபி (தளத்தில் வேலை பார்க்கும் மாலுமி) வந்து சொன்னார். ஷிஃப்ட் மாறுவதற்குள் சேதத்தைக் காட்டி, சரக்கு இறக்கும் கரைக் குழுவின் ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்காவிட்டால், அப்புறம் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேட் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவசரம் தெரியும்.

கார்கோ ஆபீஸில் உட்கார்ந்தபடியே மூடிய இடத்துக்குள் இறங்குவதற்கான பெர்மிட்டை எழுதினேன். ஆக்சிஜன் 20.9 சதவீதம், அதாவது வெளிக்காற்றில் உள்ள அளவு, என்று போட்டேன். அது பொய்யில்லை, காலையில் ஹேட்ச் ஓரத்தில் நானே எடுத்த அளவுதான். கையெழுத்துப் போட்டு, ஏபிகளுக்குத் தலைவரான போசனிடம் கொடுத்தேன்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்கே எடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். மறுபேச்சில்லாமல் போய் மீட்டரையும் நீளக் குழாயையும் எடுத்து வந்தார்.

நாங்கள் இறங்க இருந்தது ஹோல்டுக்குள் நேராக அல்ல, ஏணி வைத்திருக்கும் எஃகுக் கூண்டுக்குள். அதன் அடிவாய் இன்னும் கரியில் புதைந்திருந்தது. ஹோல்டு திறந்திருப்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. பயணம் முழுக்க மூடிக்கிடந்த காற்று அதற்குள் அப்படியே நின்றது. நிலக்கரி சும்மா கிடந்தாலே ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடை விடும். சில வகை மீத்தேனையும் விடும்.

குழாயை மெதுவாக விட்டார். மேலே 20.9. நடுவில் 17. அடியில் 8.5. மீட்டர் அலறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மட்டத்திலும் அவர் பொறுமையாக நின்றதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அடியில் இருக்கும் காற்று குழாய் வழியாக ஏறி மீட்டருக்கு வர நேரம் எடுக்கும். அதற்குள் படித்தால் மேல்காற்றின் அளவுதான் கிடைக்கும்.

8.5 சதவீதக் காற்றில் மனிதனுக்கு மூச்சுத் திணறல்கூடச் சரியாகத் தெரியாது. தலை கிறுகிறுக்கும், கால் மடங்கும், அவ்வளவுதான். பெர்மிட்டைக் கிழித்துப் போட்டேன். அன்று யாரும் இறங்கவில்லை.

மரக்கட்டைக் கப்பலில் கேடட்டாக (பயிற்சி மாணவனாக) இருந்தவன்

உங்கள் போசன் குழாயை எடுத்தார். எங்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

ஹோல்டு முழுக்கப் பச்சை மரக்கட்டை. நிலக்கரியைப் போலவே மரமும் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது. கரையிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் யாரிடமும் கேட்காமல் ஏணிக்கூண்டின் மூடியைத் திறந்து இறங்கிவிட்டார். ஏழெட்டுப் படிதான் இறங்கியிருப்பார், விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற எங்கள் ஏபி சட்டென்று அந்த வாயில் கால் வைத்தார். நானும் அவர் பின்னால் ஓடினேன்.

சீஃப் ஆபீசர் எங்கிருந்தோ ஓடி வந்து ஏபி போட்டிருந்த பாய்லர் சூட் உடையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். பிறகு அந்த வாயின் குறுக்கே தானே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கத்தினோம். அவரும் கத்தினார்: "மூச்சுக்கருவி வரட்டும். அதுவரை என் மேல் ஏறித்தான் போகணும்!"

கருவி போட்ட இருவர் இறங்கித் தூக்கினார்கள். அந்தத் தொழிலாளி பிழைக்கவில்லை. அன்று இரவு சீஃப் ஆபீசர் சாப்பிடவில்லை. நான் தேநீர் கொண்டுபோனபோது, "நீங்கள் இரண்டு பேரும் மேலே இருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார். மூடிய இடங்களில் நடந்த பல விபத்துகளில், முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து செத்திருக்கிறார். அந்தப் பட்டியலில் நானும் ஒருவனாகி இருப்பேன்.

2015 ஜனவரி 1 முதல், மூடிய இடத்துக்குள் இறங்குவதற்கும் மீட்பதற்குமான பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் விதி சொல்கிறது. இப்போது நான் செகண்ட் ஆபீசர். பயிற்சியில் பொம்மையைத் தூக்குவதைவிட, ஓடி வருகிறவனைத் தடுப்பதைத்தான் பழக்குகிறேன். ஒருவனை இறங்கும் வாயை நோக்கி ஓடச் சொல்வேன், இன்னொருவன் அவனை மடக்கிப் பிடிக்க வேண்டும்.

கன்டெய்னர் கப்பல், சீஃப் ஆபீசர்

பைலட் லேடரைப் பற்றி, அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறி இறங்கும் கயிற்றேணியைப் பற்றி, ஒரு விஷயம்.

மாதாந்தரப் பரிசோதனைத் தாளில் "நல்ல நிலை" என்று என் கையெழுத்து இருந்தது. படிகளை எண்ணியிருந்தேன், ரப்பர் படிகள் நான்கும் சரி, குறுக்குச்சட்டங்களும் சரி. நீர்மட்டத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் கேங்வேயோடு (கப்பலின் பக்கவாட்டுப் படிக்கட்டோடு) சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதும் மனப்பாடம். ஒரு நாள் பைலட்டை இறக்கிவிட்ட பிறகு, ஏணியைச் சுருட்டும்போது சும்மா பக்கக்கயிறு ஒன்றைக் கையால் முறுக்கிப் பிரித்தேன். வெளியே பழுப்பு நிறத்தில் உறுதியாக இருந்த கயிறு, உள்ளே தூளாக உதிர்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் ஒரு மனிதர் அதில் தொங்கிக்கொண்டு படகுக்கு இறங்கியிருந்தார்.

அன்றே அந்த ஏணியை வெட்டிப் போட்டேன். வெட்டாமல் ஸ்டோரில் வைத்தால், யாராவது ஒரு நாள் அதை எடுத்துக் கட்டிவிடுவார்கள்.

டேங்கரில் ஏபி

நாங்கள் கையெழுத்துப் போடுகிறவர்கள் இல்லை, ஆனால் அதன் பலன் எங்களுக்குத்தான். ஒரு மேட், கப்பலைக் கயிற்றால் கரையோடு கட்டும் மூரிங் தளத்தில், கயிறு அறுந்தால் அடிக்கும் ஆபத்துப் பகுதியை மஞ்சள் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். கயிறு அறுந்தபோது அது கோட்டுக்கு வெளியே இருந்த காற்றோட்டக் குழாயைத்தான் அடித்தது. கயிறு வளைந்து போகும் வழி மாறினால், அறுந்து அடிக்கும் இடமும் மாறிவிடும். அடுத்து வந்த மேட் கோடுகளை அழிக்கச் சொல்லி, "தளம் முழுக்கவே ஆபத்து என்று நினைத்து நில்லுங்கள்" என்றார். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

கார் கேரியர் மேட்

இந்த இழையில் கோல்டன் ரே என்ற கார் கேரியர் கப்பலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2019 செப்டம்பர் 8 அதிகாலை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பிரன்ஸ்விக் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது, வலப்பக்கம் திரும்பிய கப்பல் இடப்பக்கம் சாய்ந்து விழுந்தது. உள்ளே 4,000க்கும் மேற்பட்ட வாகனங்கள். 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். எஞ்சின் பிரிவில் நான்கு பேர் ஒரு நாளுக்கு மேல் உள்ளே சிக்கியிருந்தார்கள்.

புயல் இல்லை, மோதல் இல்லை. நிலைத்தன்மைக் கணக்கு போடும் கணினியில் சீஃப் ஆபீசர் பலாஸ்ட் (கப்பலை நிலையாக வைக்க டாங்குகளில் நிரப்பும் நீர்) அளவுகளைத் தவறாகக் கொடுத்ததுதான் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கணினி "சரி" என்று காட்டியது, ஆனால் கப்பலுக்கு நிமிரும் பலம் போதவில்லை. நீர்புகாக் கதவுகள் திறந்து கிடந்ததால் தண்ணீரும் உள்ளே வந்தது.

அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அதே வேலையை அதே மாதிரி தனியாக உட்கார்ந்து நானும் செய்துகொண்டிருந்தேன். இப்போது டாங்குகளின் சவுண்டிங் அளவை, அதாவது உள்ளே இருக்கும் நீரின் ஆழத்தை, தேர்ட் ஆபீசர் கையால் எடுத்துத் தனியாகக் கணக்குப் போடுவார். என் ஜிஎம்மும் (கப்பல் எவ்வளவு நிலையாக நிற்கும் என்று காட்டும் எண்) அவர் ஜிஎம்மும் ஒத்துப்போகும் வரை கேப்டனிடம் தாளை நீட்ட மாட்டேன். ஒருமுறை ஒத்துப்போகவில்லை. தவறு என்னுடையது, ஒரு டாங்கை இரண்டு தடவை சேர்த்திருந்தேன்.

பல்க் கேரியர் மேட்

எழுதியவர்களுக்கு நன்றி. கேடட்டாக இருந்தவரின் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ஒன்றை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று ஏன் ஆபீஸில் உட்கார்ந்தே எழுதினேன்? எழுந்து நடக்கத் தெம்பில்லை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, அதை இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணியாவது இருக்க வேண்டும், வாரத்துக்கு 77 மணி என்பது விதி. என் ஓய்வுத் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. உண்மையில் அந்த இரண்டு நாளில் நான்கு மணி தூங்கியிருந்தால் அதிகம். அதுவும் என் கையெழுத்துதான். இப்போது உண்மையான மணியை எழுதுகிறேன், கேள்வி வந்தால் பதில் சொல்கிறேன். ஆள் போதவில்லை என்றால் அது மேலே தெரிய வேண்டும்.

பெர்மிட்டை இப்போது ஆபீஸில் வைத்து எழுதுவதில்லை. அட்டையில் செருகி, இறங்கும் வாயருகே நின்று, மூன்று அளவையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.

ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்கினீர்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை. இரவு முழுக்க புளோயர் ஓட்டிக் காற்றடித்து, மறுநாள் மதியம் மூன்று மட்டத்திலும் 20.9 வந்த பிறகு இறங்கினோம். ஏணி வளைந்துதான் இருந்தது. ஷிஃப்ட் மாறிவிட்டதால் புதிய ஃபோர்மேன் ஒப்புக்கொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து கேட்டார்கள், கேப்டன் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். அடுத்த பயணத்தில் எங்கள் ஃபிட்டர் அந்த ஏணியை நிமிர்த்தி வெல்டிங் அடித்தார்.