சைடு மிரர் விளக்கில் விழும் படத்தை எடுத்துவிட்டு வெறும் வெளிச்சம் மட்டும் வைக்க முடியுமா?

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது 2019 மாடல் டீசல் எஸ்யூவி, போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயரைப் போட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன். கதவைத் திறந்ததும் இரண்டு சைடு மிரருக்கும் அடியிலிருந்து வண்டியின் படம் ஒன்று தரையில் விழும். வாங்கிய புதிதில் தெருப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டியவன் நான்தான், மறைக்கவில்லை.

சிக்கல் அம்மாவால் வந்தது. வயது 71, முழங்கால் வலி, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. எங்கள் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே சாக்கடை, அதன் மேல் கடப்பா கல் போட்டிருக்கிறது. இரவில் இறங்கும்போது தரையில் தெரியும் படத்தை மிதிக்காமல் காலை அகல எடுத்து வைக்கிறார். "கோலம் மாதிரி இருக்குடா, எப்படி மிதிக்கிறது?" என்கிறார். வெறும் வெளிச்சம்தான் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். போன வாரம் அப்படி வைத்த கால் கல்லின் ஓரத்தில் பட்டுச் சறுக்கிவிட்டது. நல்லவேளை, கதவைப் பிடித்திருந்தார்.

படம் போக வேண்டும், வெளிச்சம் இன்னும் பரவலாக வேண்டும். ஒரு கடையில் கேட்டால் மிரரையே மாற்றணும் என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா? ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் அனுபவம் இல்லை.

நாலுவழிச்சாலை:

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பளபளப்பில்லாத, பால் மாதிரி மங்கலான டேப் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். விளக்கின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். படம் கலைந்து வெறும் வெளிச்சமாகிவிடும். மழையில் உரிந்துவிடும்தான், ஆனால் அம்மாவுக்கு அது போதுமா என்று இன்று இரவே தெரிந்துவிடுமே.

பாலக்கரை எலக்ட்ரீசியன்:

தம்பி, திருச்சியில் 22 வருடமாக வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறேன். மிரரை மாற்றத் தேவையே இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன எல்.இ.டி. ஒன்று, அதன் முன்னால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஃபிலிம், அதற்கு முன்னால் லென்ஸ். சினிமா கொட்டகையில் முன்பெல்லாம் இடைவேளைக்கு ஜவுளிக்கடை ஸ்லைடு போடுவார்களே, அதே சங்கதி. ஃபிலிமை மட்டும் எடுத்தால் படம் போகும், ஆனால் அதே சின்ன வட்டத்தில்தான் வெளிச்சம் விழும். லென்ஸையும் சேர்த்து எடுங்கள். எல்.இ.டி. தானாகவே வெளிச்சத்தை அகலமாக வீசும், அதைக் குறுக்கிப் பிடிப்பது லென்ஸ்தான்.

வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் சூடானால் கிளிப் வளைந்து கொடுக்கும், இல்லாவிட்டால் பட்டென்று முறியும். சுவிட்சை வைத்து மிரர் கண்ணாடியை மேலே பார்க்கத் திருப்புங்கள், அடிப்பக்கம் இடைவெளி கிடைக்கும். அங்கே பிளாஸ்டிக் நெம்பியை விட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஓரமாக இல்லாமல் நடுவை நோக்கி நெம்ப வேண்டும். அதற்கு முன் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிவிடுங்கள், உடைந்தாலும் சிதறாது. பின்னால் ஹீட்டர் ஒயர் இரண்டு இருந்தால் பிடித்து இழுக்காமல் கப்ளரை, அதாவது ஒயர் முனையில் இருக்கும் பிளக்கைக் கழற்றுங்கள்.

அப்புறம் உள்ளே டார்க்ஸ் ஸ்க்ரூ, அதாவது தலையில் நட்சத்திரக் குழி உள்ள ஸ்க்ரூ சில இருக்கும், பெரும்பாலும் டி20 அளவு. அதைக் கழற்றினால் கீழ் மூடி வரும். விளக்கு அந்த மூடியில்தான் உட்கார்ந்திருக்கும். மிரருக்கு அடியில் கேமரா இருக்கிற வண்டி என்றால் இந்த வேலையை வீட்டில் தொடாதீர்கள். கேமரா கொஞ்சம் நகர்ந்தாலே மறுபடி கேலிப்ரேஷன், அதாவது கேமராவின் பார்வையைச் சரிபார்த்து அமைக்கும் வேலை செய்யணும்.

லென்ஸ் போன ஓட்டையை மூடாமல் விட்டால் முதல் மழையிலேயே விளக்கு போய்விடும். பழுதான எல்.இ.டி. பேனல் விளக்கின் வெள்ளைத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி வைத்து சிலிக்கானால் அடையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். டியூபில் நியூட்ரல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். என்னிடம் பச்சை பிடித்து வருகிற விளக்கில் பாதி யாரோ ஆர்வத்தில் அடைத்ததுதான்.

ஒயரில் கை வைக்காதீர்கள்.

மீட்டர் கேஜ்:

அண்ணன் சொன்ன கடைசி வரி முக்கியம். ஒயரைத் தொடாவிட்டால் விளக்கு கதவோடு சேர்ந்து எரிந்து அணைவது அப்படியே இருக்கும். பார்க்கிங் லைட்டில் கோத்து ஓட்டும்போதும் எரிய விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வகை விளக்கு வெள்ளையாக மட்டும் இருக்க வேண்டும், ஓடும் வண்டியில் எரியக் கூடாது என்று ஐ.நா.வின் வாகன விதி 48 சொல்கிறது. கடைக்காரர் நீலம், சிவப்பு என்று ஆசை காட்டினால் மாட்டிக்கொள்ளாதீர்கள். மந்திரிகள் வண்டியிலேயே 2017 மே 1 முதல் சிவப்பு விளக்கை எடுத்துவிட்டார்கள்.

படம் போடும் மோகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. 2015 ஃபோர்டு மஸ்டாங் காரில் ஓடும் குதிரையின் படமே தரையில் விழும். உங்கள் அம்மா அதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று இரவே டேப் ஒட்டினேன். அம்மா இறங்கினார், கால் நேராகக் கல்லின் நடுவில் விழுந்தது. எதுவும் கேட்கவில்லை, உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் மழையில் டேப் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கழற்ற உட்கார்ந்தேன்.

கண்ணாடி வரும்போது எழுப்பிய சத்தத்தில் உடைந்தே போய்விட்டது என்று நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கீழ் மூடியில் ஒரு கிளிப் முறிந்தது, மற்ற மூன்றும் பிடித்துக்கொள்கின்றன. ஸ்க்ரூ ஒன்று கைதவறி விழ, காந்தத்தைக் கயிற்றில் கட்டி அரை மணி நேரம் தேடி எடுத்தேன். விளக்கைத் திறப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம், லென்ஸ் மூடி திருகினாலே வந்துவிட்டது. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அரிசியளவு வண்டி. வெள்ளைத் தகட்டை வெட்டி, நியூட்ரல் சிலிக்கான் போட்டு, ஒரு நாள் காயவிட்டு மாட்டினேன்.

இப்போது கதவிலிருந்து கல்லின் அந்த ஓரம் வரை தெரிகிறது. முன்பு இருந்த கூர்மை இல்லை, வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எங்கே கல் முடிகிறது என்று தெரிகிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

செய்தது அம்மா இறங்கும் இடது பக்கம் மட்டும். டிரைவர் பக்கம் படம் அப்படியே இருக்கிறது. பையன்கள் இன்னும் வந்து பார்க்கிறார்கள்.

பாலக்கரை எலக்ட்ரீசியன்:

நல்ல வேலை தம்பி. அடுத்த மழைக்குப் பிறகு தகட்டின் உள்பக்கம் பனி மாதிரி படிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். படிந்திருந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி அடைக்க வேண்டியிருக்கும். அந்த ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள், வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார்.