தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா: தொகையை விடத் தேதியைக் கவனியுங்கள்

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க நினைத்து என்னிடம் விவரம் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்த 8 லட்சம் பாத் பற்றித்தான். 50 வயது நிறைந்திருக்க வேண்டும், 8 லட்சம் பாத் வங்கியில் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு, தொகையைப் புரட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நம்பி வருகிறார்கள். குடிவரவு அதிகாரி பார்ப்பது தொகையை மட்டுமல்ல. அது யார் பெயரில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை குறையாமல் இருந்தது என்பதையும் பார்க்கிறார். சியாங் மாய் நகரில் ஆறு முறை தங்கும் கால நீட்டிப்பு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட நம்மவர்களில் பணம் இல்லாதவரை நான் பார்த்ததில்லை, தேதி தவறியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

விசாவில் இரண்டு வழிகள் உண்டு. ஓ-ஏ (O-A) என்பதை ஊரில் இருந்தபடியே வாங்கலாம், 8 லட்சம் பாத்துக்கு ஈடான தொகை இந்திய வங்கியிலேயே இருக்கலாம், வந்தவுடன் ஓராண்டு தங்க அனுமதி கிடைக்கும். ஆனால் அதற்குக் காவல்துறை நற்சான்று, மருத்துவச் சான்று ஆகியவற்றோடு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டு நீட்டிப்பிலும் அந்தக் காப்பீட்டைக் காட்ட வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள 65 வயதுக்காரருக்கு அந்தக் காப்பீடு கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் பிரீமியம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஆகவே நம்மவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான். 90 நாள் தங்கக்கூடிய நான்-ஓ (Non-O) விசாவில் வந்து, இங்கே வங்கிக் கணக்கு திறந்து பணத்தைப் போட்டு, இங்கேயே ஓராண்டு நீட்டிப்பு வாங்குவது அந்த வழி. அதற்குக் காப்பீடு கட்டாயமில்லை. காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசா உங்கள் காப்பீட்டைச் சார்ந்து நிற்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சென்னையில் துணைத் தூதரகம் இருந்தாலும், 2025 ஜனவரி முதல் விண்ணப்பம் இணையவழி இ-விசா மூலமாகவே. ஓ-எக்ஸ் (O-X) என்ற பத்தாண்டு விசா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற 14 நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு மட்டுமே உரியது. அந்த நாடுகளில் குடியுரிமை பெற்ற நம் உறவுகள் அதைப் பார்க்கலாம், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அது இல்லை.

நான்-ஓ வழியில் 90 நாள் கணக்கை விமானம் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் பணம் உங்கள் கணக்கில் முழுதாக இரண்டு மாதம் இருந்திருக்க வேண்டும். வந்து இரண்டாம் வாரத்தில் கணக்கு திறந்து, மூன்றாம் வாரக் கடைசியில் பணம் வந்து சேர்ந்தால், இரண்டு மாதம் நிறையும்போது ஏறக்குறைய 80 நாள் ஓடியிருக்கும். மீதி இருப்பது பத்து நாள்தான். கணக்கு திறப்பதில் இப்போது கெடுபிடி அதிகம், ஒரே வங்கியிலும் கிளைக்குக் கிளை வேறு பதில் வரும். முதல் வாரத்திலேயே அந்த அலைச்சலைத் தொடங்கிவிடுங்கள், கோயில் குளம் பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பணம் ஊரிலிருந்து நேராக உங்கள் தாய்லாந்து வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு வங்கிக் கடிதம் கேட்கலாம். இங்குள்ள நண்பரிடம் கைமாற்று வாங்கிப் போட்டால் அந்தக் கடிதம் கிடைக்காது. இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம் என்பதால் வரம்பு ஒரு தடையே இல்லை. ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி 20 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், கையில் அந்தத் தொகை இல்லாமல் எட்டு லட்சம் பாத்தில் துண்டு விழுந்து தவித்தவர்கள் உண்டு. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து அனுப்பினால் பிடித்தம் குறையும். அதற்கேற்பப் பயணத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள், கடைசித் தவணை வந்த நாளிலிருந்துதான் இரண்டு மாதம் எண்ணப்படும்.

நமக்கே உரிய இரண்டு சிக்கல்கள் பெயரும் திருமணச் சான்றும். ஓய்வூதியப் புத்தகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் வேறு வரிசை, கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப்பெயராக விரிந்த ஒரு பெயர் என்று நம்மில் பலருக்கும் மூன்று பெயர்கள் இருக்கின்றன. இங்கே கடவுச்சீட்டில் உள்ளதுதான் பெயர். ஊரிலிருந்து அனுப்பும் வங்கியிலும் அதே எழுத்துகளில் திருத்திவிட்டு வாருங்கள். கணவர் விசா பெற்று மனைவி அவரைச் சார்ந்தவராக வருவதென்றால் திருமணப் பதிவுச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முன் மணம் முடித்த நம் தலைமுறையில் பலரிடம் அழைப்பிதழும் ஆல்பமும் மட்டுமே இருக்கின்றன. பதிவு செய்து, வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பமும் பெறுவதற்கு ஆகும் காலத்தையும் கணக்கில் சேருங்கள்.

முதல் நீட்டிப்பு கிடைத்த பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். 2019 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, விண்ணப்பத்துக்கு முன் 2 மாதமும் நீட்டிப்புக்குப் பின் 3 மாதமும் 8 லட்சம் குறையக் கூடாது. மீதி 7 மாதமும் ஒரு நாள்கூட 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. அதாவது அந்தப் பணம் அவசரச் செலவுக்கான பணம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக் கட்டணத்தை அந்தக் கணக்கிலிருந்தே கட்டினார், அடுத்த நீட்டிப்பில் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. விசாப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, ஏடிஎம் அட்டை வாங்காமல் விட்டுவிடுங்கள்; வீட்டுச் செலவுக்கு இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் நாள் காலையில் நான் கிளை திறக்கும்போதே போய் நிற்பேன். 100 பாத் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதியோடு ஒரு வரி அச்சானதைக் கண்ணால் பார்த்து, வங்கிக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்திட்டபடியே குடிவரவு அலுவலகம் போவேன். நேற்றைய தேதி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாத்.

நீட்டிப்பு வாங்கிய அன்றே, அதே அலுவலகத்தில், மறுநுழைவு அனுமதியையும் வாங்கிவிடுங்கள். ஒரு முறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800 பாத். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். மூன்றாம் ஆண்டில் ஒரு நள்ளிரவில் மதுரையிலிருந்து தம்பி அழைத்து, அம்மா போய்விட்டார்கள் என்றான். கையில் கிடைத்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பியவனை என் துணைவி வாசலில் நிறுத்தி, "மறுநுழைவு முத்திரை இருக்கிறதா?" என்று கேட்டாள். இல்லை. பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் அதற்கென்று ஒரு கவுன்டர் இருப்பதால் தப்பித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போகும் வழியில் படிவம் நிரப்பிய அந்த நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மற்றவை எளியவை. நீங்கள் தங்குவதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்தில் டிஎம் 30 படிவத்தில் தெரிவிக்க வேண்டும், வாடகை பேசும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 90 நாளுக்கு ஒருமுறை டிஎம் 47இல் முகவரியைத் தெரிவிக்க வேண்டும், 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம் உண்டு. இந்த விசாவில் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஆண்டுக்கு 180 நாள் தங்கினால் நீங்கள் இங்கே வரிக்கு உட்பட்ட வதிவாளர். 2024க்கு முன் ஈட்டிய சேமிப்பைக் கொண்டுவந்தால் வரி இல்லை, அதற்குப் பின் ஈட்டியதற்கு வரலாம் என்பதால், பழைய வங்கி அறிக்கைகளைப் பத்திரமாக வையுங்கள்.

இனி, பலர் பேசத் தயங்கும் ஒன்று. மனைவி சார்ந்தவராக இருந்தால் அவருடைய தங்கும் உரிமை கணவரின் உயிரோடு கட்டுண்டது. கணவர் இறந்ததை அறிந்ததும் வங்கி கணக்கை முடக்கும். நம் ஊர்போல நாமினி எழுதிக்கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லாததால், நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமிக்கும்வரை அந்த 8 லட்சத்தில் ஒரு பாத்தும் அவர் எடுக்க முடியாது. அறிமுகமில்லாத மொழியில், துக்கத்தோடு, விசாவும் இல்லாமல் அவர் நிற்க நேரும். தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தாய்லாந்து மொழியில் தனி உயில் எழுதிவையுங்கள். மனைவிக்கும் 50 வயது ஆகியிருந்து கையில் வசதியும் இருந்தால், அவர் பெயரிலேயே தனியாக 8 லட்சம் போட்டுத் தனி நீட்டிப்பு வாங்குங்கள். நாங்கள் ஊரிலிருந்த மனையை விற்றுச் சென்ற ஆண்டு அதைச் செய்தோம். இப்போது இரண்டு பாஸ்புக்குகளையும் எடுத்துக்கொண்டு இருவருமாக வங்கிக்குப் போகிறோம்.